தெல்மாம்மாவும் மேல்வயல் கேட்டும்

ரேவன்லோ குன்றின்மேல் எத்தனை கேட் இருக்கிறது என்று எங்கள் ஊரில் தெல்மாம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். எந்தக் கேட்டை முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கினால்தான் கொண்டி விலகும், எந்தக் கேட் தானாகவே திரும்பி வந்து பின்னால் அடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். முப்பத்தொரு வருஷம் அந்தக் குன்றைச் சுற்றியிருக்கிற பண்ணை வீடுகளுக்குத் தபால் கொண்டுபோனவர். தபால் வண்டி பாதி மேடு வரைக்கும்தான் போகும். மிச்சம் நடை. ஒரு நாளைக்கு நாற்பது கேட் திறந்து நாற்பது கேட் மூடுவேன் என்பார். பனி கொட்டிய ஒரு மாசி மாதம், மேட்டு வீட்டுக் கிழவருக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்திருக்கிறது என்று கம்பு ஊன்றியே ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு, அவருக்குக் கண் தெரியாததால் வாசித்தும் காட்டிவிட்டு வந்தவர்.

நான் இந்த வெள்ளைக்கார ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு ஊர்க் கோடியில் இருக்கும் விடுதியில் சமையல் வேலை. நானோ ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முதல் வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த காகிதங்களையெல்லாம் வாசலிலேயே நின்று படித்து, "இது குப்பைக்கு, இது பெட்டிக்கு, இதுக்கு நாளைக்கே பதில் போடணும்" என்று பிரித்துக் கொடுத்தவர் தெல்மாம்மாதான். இங்கே சின்னவர் பெரியவர் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வரவில்லை. 'அம்மா'வைச் சேர்த்துக் கூப்பிட்டேன். "அப்படின்னா என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு, அப்படியே கூப்பிடு" என்றார். என் பெயர் ரூபவதி. அவருக்கு நான் ரூபி.

வந்த முதல் கோடையிலேயே நான் ஒரு காரியம் செய்தேன். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற வயல் வழியே குறுக்கே போகும்போது கேட்டை மூடாமல் போய்விட்டேன். பத்தொன்பது செம்மறி ஆடுகள் சர்ச் வளாகத்துக்குள் நுழைந்து, மறுநாள் கல்யாணத்துக்காக வாசலில் வாளி வாளியாக வைத்திருந்த பூவையெல்லாம் தின்று தீர்த்துவிட்டன. கல்யாணப் பெண் வேறு யாருமில்லை, அந்த ஆடுகளுக்குச் சொந்தக்காரரான நெவிலின் தங்கை. தெல்மாம்மா தன் தோட்டத்தை மொட்டையடித்துப் பூ கொடுத்துக் கல்யாணத்தை நடத்திவைத்தார். அதற்குப் பிறகு என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "கண்ணு, கேட் எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டுப் போகணும். மூடியிருந்தா மூடு. திறந்திருந்தா தொடாதே."

பாதியைத்தான் மனசு பிடித்துக்கொண்டது. அன்று முதல் கண்ணில் பட்ட கேட்டையெல்லாம் மூடினேன். அடுத்தவர் வீட்டுத் தோட்டத்துக் கேட்டைக்கூட விட்டதில்லை. நெவில் இன்றுவரைக்கும் என்னைப் பார்த்தால், "ஏ ரூபி, இன்னிக்கு யார் கல்யாணம்?" என்றுதான் கேட்பார்.

இப்போது சொல்லவந்தது போன வருஷத்துக் கதை.

அதற்கு முந்தின குளிர்காலத்தில் தெல்மாம்மாவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன் ஆயிற்று. எழுபத்தாறு வயது. வீட்டுக்காரர் சிரில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். ஒரே மகன் ரஸல், டெர்பி நகரத்தில் இருக்கிறார். நல்ல பிள்ளை, ஆனால் பயந்த சுபாவம். ஆபரேஷனுக்குப் பிறகு தெல்மாம்மாவுக்குச் சின்னச் சின்ன மறதி வந்தது. அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய், கெட்டில் அடி தீய்ந்துபோயிற்று. சர்ச்சிலிருந்து வேறொருத்தர் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, பைக்குள் கையை விட்டு, "இது யாரு மூக்குக்கண்ணாடி?" என்று என்னைக் கேட்டார். இதெல்லாம் ரஸல் காதுக்குப் போயிற்று. அவர் தன் வீட்டுக்குப் பக்கத்தில், வயசானவர்கள் தங்கும் கட்டடத்தில் ஒரு அறை பார்த்துவிட்டார். பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்து.

"அம்மா, நான் சண்டை போட வரல. உன்னை நெனச்சாப் பயமா இருக்கு, அவ்வளவுதான்" என்றார் ரஸல்.

"பயமா இருந்தா விளக்கைப் போட்டுட்டுப் படு" என்றார் தெல்மாம்மா.

கடைசியில் அவர்களுக்குள் ஒரு பேச்சு ஆயிற்று. ஜூன் மாதக் கடைசி சனிக்கிழமை ரஸல் வருவார். தெல்மாம்மா ரேவன்லோ குன்றில் ஏறி, உச்சித் தூணைத் தொட்டு, மறுபக்கம் காட்டு வழியாக இறங்கி வீட்டுக்கு வரவேண்டும். தடுமாற்றமோ குளறுபடியோ இல்லாமல் வந்துவிட்டால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை அந்த அறைக்குச் சரி என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். துணைக்கு நானும் போவதாக ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் சர்ச்சில் தரை துடைத்து முடித்ததும் பின் பெஞ்சில் முழங்கால் போட்டு ஜெபித்தேன். ஆண்டவரே, அந்த இடுப்பைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும் என்று. கேட்டைப் பற்றி ஜெபிக்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு வெயில் என்றால் எங்கள் ஊர் கணக்குக்கு அக்கினி வெயில். மூன்று வாரமாக மழையே இல்லை. கடைக்காரரிலிருந்து போதகர் வரைக்கும் எல்லாரும் அதையே பேசிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஊர் முழுக்க அன்று பக்கத்து ஊரில் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டது. நாங்கள் எடுத்துக்கொண்டது முட்டை சாண்ட்விச், ஃபிளாஸ்க்கில் டீ, ஆளுக்கொரு தொப்பி. ரஸல் முகமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் களிம்பு பூசிக்கொண்டு வந்தார்.

"என்னடா, சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி?" என்றார் தெல்மாம்மா.

"உனக்கும் பூசிவிடவா?"

"எனக்கு முப்பத்தொரு வருஷமாப் பூசியாச்சு. மழையும் காத்தும்."

மெல்ல ஏறினோம். கீழ்வயலில் மஞ்சள் பூ முழங்கால் வரைக்கும் நின்றது. வானம்பாடி எங்கேயோ மேலே கத்திக்கொண்டே இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. கல்சுவரில் பதித்த படிக்கல் ஒவ்வொன்றிலும் தெல்மாம்மா முதலில் நல்ல காலை வைத்தார், பிறகு மற்றதை. "பார்த்தியா, பார்த்தியா" என்று ஒவ்வொரு தடவையும் மகனைத் திரும்பிப் பார்த்தார். ரஸல் போனில் வழியைப் பார்த்துக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருந்தார். தன் அம்மா கண்ணை மூடிக்கொண்டே போகிற வழி அது.

கீழ்வயலும் மேல்வயலும் சேருமிடத்தில் ஒரு கேட் இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கீழேதான் கல்லால் கட்டிய தண்ணீர்த் தொட்டி. அன்று அந்தக் கேட் விரியத் திறந்து கிடந்தது. ரஸல் முதலில் போனார். தெல்மாம்மா கேட்டின்மேல் கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றார், பிறகு நடந்தார். என் செருப்புக்குள் கல் புகுந்துவிட்டதால் நான் பின்தங்கி, கடைசியாக வந்தேன். பார்த்தால் கேட்டை வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால் கம்பத்தோடு கட்டியிருந்தது. யாரோ விளையாட்டுக்குக் கட்டிப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். முடிச்சை அவிழ்த்தேன். கேட்டைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, ஒரு தடவை ஆட்டியும் பார்த்தேன். குன்றில் குப்பை போடக்கூடாது என்று கயிற்றைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மேல்வயலில் நெவிலின் ஆடுகள் குட்டிகளோடு மேய்ந்துகொண்டிருந்தன. உச்சிக்குப் போக இன்னும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. நிலம் அளக்கிறவர்கள் நட்ட சிமெண்டுத் தூண் அங்கே நிற்கிறது. ஊர்க்காரர்கள் அதைத் தொட்டால்தான் ஏறியதாகக் கணக்கு. தெல்மாம்மா இரண்டு கையையும் அதன்மேல் வைத்து, நெற்றியையும் சாய்த்துக்கொண்டார். சிரிலின் சாம்பலை அங்கேதான் தூவினார்கள். ரஸல் தொப்பியைக் கழற்றி நின்றார்.

"கிழவன்கிட்ட சொல்லிட்டேன்" என்றார் தெல்மாம்மா நிமிர்ந்து. "இப்போ டீ ஊத்து, ரூபி."

இறங்கும்போது காட்டுக்குள் குளுமையாக இருந்தது. இரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஒரு தடுமாற்றம் இல்லை. கை கால் கழுவி, இளைப்பாறி, ஆப்பிள் மரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தோம். தெல்மாம்மா தோட்டத்து ஸ்ட்ராபெர்ரியும் பாலேடும் கொண்டுவந்து வைத்தார். ரஸல் இரண்டாவது கிண்ணம் எடுத்துக்கொண்டு, "சரிம்மா, நீ ஜெயிச்சுட்ட. திங்கட்கிழமை வேண்டாம்னு சொல்லிடுறேன்" என்றார்.

தெல்மாம்மா அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் பாலேடு ஊற்றினார்.

அப்போதுதான் நெவிலின் நாலு சக்கர மோட்டார் வண்டி வாசலில் வந்து நின்றது. நெவில் இறங்கி வந்தார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எப்போதும் கேட்கும் கல்யாணக் கேள்வியைக் கேட்கவில்லை.

"தெல்மா, காலையில நீங்க மூணு பேரும் மேல போனதைப் பார்த்தேன். வேற யாரும் போகல, எல்லாம் கிரிக்கெட்டுக்குப் போயாச்சு. மேல்வயல் கேட்டை யாரு மூடினது?"

ரஸல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"மேல ஊத்து வத்திப்போச்சு. கீழ்த் தொட்டிக்கு வந்து குடிக்கட்டும்னுதான் கேட்டைக் கட்டி வெச்சேன். இப்போ போய்ப் பார்த்தா நாப்பது தாய் ஆடும் கேட்டுல முட்டிக்கிட்டு நிக்குது. நாக்கு வெளிய தள்ளிருச்சு. தண்ணி கண்ணுக்கு முன்னாடி, குடிக்க வழியில்ல."

"செத்துப்போச்சா ஏதாவது?" என்று கேட்டார் தெல்மாம்மா.

"இல்ல. திறந்துவிட்டுட்டேன், குடிச்சுக்கிட்டு இருக்குது. ரெண்டு குட்டிதான் படுத்த இடத்தை விட்டு எழுந்திருக்கல. நிழல்ல போட்டுட்டு வந்திருக்கேன். நான் திட்ட வரல தெல்மா. தெரிஞ்சுக்கலாம்னுதான்."

ரஸல் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அம்மா... நீதானே கேட்டுல கையை வெச்சுக்கிட்டு நின்ன? நான் திரும்பிப் பார்த்தேனே."

தெல்மாம்மாவின் முகத்தை நான் அதற்கு முன்பு அப்படிப் பார்த்ததில்லை. எதையோ எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்தது.

"கையை வெச்சேன். அது ஞாபகம் இருக்கு" என்றார். "அப்புறம்... தெரியலையே. எப்பவும் மூடித்தானே பழக்கம். மூடியிருப்பேன். நானா மூடினேன்? நாப்பது ஆடு, இந்த வெயில்ல..."

"பரவால்லம்மா. யாருக்கும் வர்றதுதான்" என்றார் ரஸல், ரொம்ப மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் மோசம்.

எனக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துபோயிற்று. ஆனால் பத்தொன்பது ஆடும் கல்யாணப் பூவும் கண்முன்னே வந்து நின்றன. இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு கேட்டைத் திறந்துவைத்ததற்கே இந்தக் கேலி என்றால், இனி மூடியதற்கும் சேர்த்து எத்தனை வருஷம்? இப்போதே சொல்ல வேண்டாம், நெவில் போனதும் தெல்மாம்மாவிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட பொய் அது.

தெல்மாம்மா எழுந்து மேசைத் துணியை நீவிவிட்டார். சுருக்கமே இல்லாத துணி.

"ரஸல்" என்றார். "திங்கட்கிழமை அவங்ககிட்ட வேண்டாம்னு சொல்லாதே. நான் வந்து அந்த அறையைப் பார்க்கிறேன். கேட் எப்படி இருந்துச்சுன்னுகூடத் தெரியாத ஆளு இந்தக் குன்றுல ஏறக்கூடாது."

கண்ணீர் வந்துவிட்டது எனக்கு. கைக்குட்டையை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். கையில் வந்தது நீலக் கயிறு. கர்த்தர் சில நேரம் பிரசங்கமெல்லாம் செய்வதில்லை, பைக்குள்ளிருந்தே கையைப் பிடித்துவிடுகிறார்.

கயிற்றை மேசையில், ஸ்ட்ராபெர்ரிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"நான்தான்" என்றேன். "கடைசியா வந்தது நான். நான்தான் அவுத்தேன், நான்தான் மூடினேன். தெல்மாம்மா தொடவேயில்ல. அப்பவே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன். மன்னிச்சிருங்க நெவில்."

எல்லாரும் கயிற்றையே பார்த்தார்கள். தெல்மாம்மா அதை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார். தேடிக்கொண்டிருந்த முகம் மெல்லத் தெளிந்தது.

"நீலக் கயிறு!" என்றார். "கம்பத்துல ரெண்டு சுத்து, மேல ஒரு வில் முடிச்சு. இப்பதானே ஞாபகம் வருது! பார்த்ததும் புரிஞ்சுது, மேல ஊத்து வத்திப்போச்சு, நெவில் கட்டி வெச்சிருக்கான்னு. இறுக்கமா இருக்கான்னு அசைச்சுப் பார்த்தேன். அதுக்குத்தான்டா கையை வெச்சேன்!" நெவில் பக்கம் திரும்பினார். "ரெண்டு சுத்துதானே?"

"ரெண்டு சுத்துதான்" என்றார் நெவில். "வில் முடிச்சுதான்."

அவ்வளவுதான், தெல்மாம்மா சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "நீதானா, ரூபி! அட கடவுளே, நீதானா! ரொம்ப நன்றி கண்ணு, ரொம்ப ரொம்ப நன்றி!" என்று என் கையைப் பிடித்து முத்தமிட்டார். என் வாழ்க்கையில் நல்லது செய்தபோதுகூட யாரும் எனக்கு இப்படி நன்றி சொன்னதில்லை.

"திறந்துவெச்சா ஒரு வம்பு, மூடிவெச்சா ஒரு வம்பு" என்றார் நெவில். "ரெண்டு தடவையும் எங்க வீட்டு ஆடுதான் கிடைச்சுதா உனக்கு? அடுத்த பண்ணையிலயும் ஆடு இருக்கு, ரூபி. கொஞ்சம் மாத்திக்கோயேன்." சொல்லிவிட்டு, கேட்காமலே ஒரு ஸ்ட்ராபெர்ரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

ரஸல் மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் பக்கத்துலயே போனேன், கயிறு இருந்ததே எனக்குத் தெரியாது" என்றார் கடைசியில்.

"நீ போனைப் பார்த்துக்கிட்டுப் போன" என்றார் தெல்மாம்மா.

அந்த இரண்டு குட்டிகளை நினைத்து எனக்கு உட்கார முடியவில்லை. போய்ப் பார்க்கவேண்டும் என்றேன். நானும் வருகிறேன் என்று தெல்மாம்மா கம்பை எடுத்தார். "இன்னொரு தடவையா?" என்றார் ரஸல். ஆனால் தடுக்கவில்லை, தானும் கூட வந்தார். இந்தத் தடவை போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நெவில் வண்டியில் முன்னாலேயே போய்விட்டார். வெயில் தணிந்திருந்தது. கல்சுவரெல்லாம் தேன் நிறத்தில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆடுகள் தொட்டியைச் சுற்றிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நெவில் சொன்ன இரண்டு குட்டிகளில் ஒன்று எழுந்து தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. மற்றது படுத்தபடியே எங்களைப் பார்த்தது. நெவில் தொப்பியில் தண்ணீர் மொண்டு காட்டினார். முதலில் மூக்கைத் திருப்பியது, அப்புறம் நக்கியது, அப்புறம் தொப்பியையே கடிக்கப் பார்த்தது.

"இது பிழைச்சுக்கும்" என்றார் நெவில். நான் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, நெவிலும் "ஆமென்" என்றார். அவர் சர்ச்சுக்கு வருகிறது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான்.

கேட்டைக் கட்டுகிற வேலையை என்னிடமே கொடுத்தார்கள். இரண்டு சுற்று, மேலே வில் முடிச்சு. தெல்மாம்மா அசைத்துப் பார்த்து, "பாஸ்" என்றார்.

திங்கட்கிழமை ரஸல் அந்த அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பொத்தான் வாங்கி அனுப்பினார், விழுந்துவிட்டால் அழுத்துவதற்கு. தெல்மாம்மா அதை மாட்டிக்கொள்கிறார். "நெவிலோட கிடாவுக்கும் ஒண்ணு இருக்கு, அதுல மணி வேற அடிக்கும்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். கெட்டிலை மாற்றி, தானாகவே அணைகிற ஒன்று வாங்கியாயிற்று. கோட்டுக்குள் தன் பெயரைத் தைத்துக்கொண்டார். மறதி முழுக்கப் போய்விடவில்லை. போன வாரம்கூட என்னை இரண்டு தடவை டீ குடிக்கவைத்தார். குடித்தேன்.

ஆனால் வெயில் வந்தால் நாங்கள் குன்றேறுகிறோம். ரஸலும் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வந்துவிடுகிறார். ஒவ்வொரு கேட்டிலும் தெல்மாம்மா கடந்துபோய் நின்று, திரும்பிப் பார்த்து, கம்பை என் பக்கம் நீட்டி ஒரே உத்தரவுதான் போடுவார்:

"ரூபி, கையைப் பைக்குள்ள போடு."

போட்டுக்கொள்கிறேன்.